தங்கை வீட்டு மேடைக்கு அக்கா போட்ட பட்ஜெட்

எங்கள் பட்டறையில் அவளை எல்லோரும் முழங்கை அக்கா என்றுதான் சொல்லுவோம். முகத்துக்கு நேராக வெறும் அக்கா. முழங்கை என்பது முதுகுக்குப் பின்னால். அது அவளுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாள். சமையலறை கட்டித்தரச் சொல்லி யார் வந்தாலும், உட்காரச் சொல்வதற்கு முன்பே, "கையை மடக்குங்க" என்பாள். ஏதோ ஊசி போடப்போகிறாள் என்று பயந்துகொண்டே வந்தவர் மடக்குவார். இவள் நாடாவை எடுத்து முழங்கையிலிருந்து தரை வரைக்கும் அளப்பாள். அதில் ஆறு விரல், அதாவது பன்னிரண்டு சென்டிமீட்டர், கழித்து, ஓர் எண்ணைத் தாளின் மூலையில் எழுதி வட்டம் போடுவாள். அதுதான் அவர் வீட்டுச் சமையல் மேடையின் உயரம். "பணத்த அப்புறம் பேசலாம். அங்க நிக்கப்போற உடம்பு எதுன்னு முதல்ல தெரியணும்" என்பாள்.

சமையலறைகளுக்கு அளவெடுத்து, வரைந்து, பட்ஜெட் போடுவது அவள் வேலை. பொருத்துவது என் வேலை. அவள் தாளில் எழுதுவதை நான் இரும்பாகவும் கல்லாகவும் ஆக்குவேன். பதினாறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. இத்தனை வருடத்தில் அவள் அளவு ஒரு விரல்கூடத் தப்பியதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொல்கிறேன். தப்பெல்லாம் என்னுடையதாகவே இருந்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஜன்னலோர மேசை அவளுக்கு. முதலாளியின் பாராட்டும் அவளுக்கு. தூசி மட்டும் எனக்கு. பொறாமையைப் பற்றிப் பேச எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அவள் போடும் பட்ஜெட்டில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: மறதி, நூற்றுக்குப் பத்து. கல், குழாய், மரம், கூலி எல்லாம் கூட்டியபிறகு, கட்டுகிறவர்களும் கட்டச் சொன்னவர்களும் மறந்துபோயிருக்கும் சில்லறைகளுக்காக அந்தப் பத்து. வேலை முடிந்து மிச்சமிருந்தால் கணக்குக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஆனாலும் இந்த வரியோடு சண்டை போடாத வாடிக்கையாளர் இல்லை. "மறக்காம வேலை பாருங்களேன், அதுக்கு எதுக்குக் காசு?" என்பார்கள். "கை துடைக்கிற துணிய எங்க மாட்டுவீங்க, இப்ப சொல்லுங்க பாப்போம்?" என்பாள் அக்கா. இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஊருக்கெல்லாம் அளந்து கொடுக்கிறவளின் சொந்தச் சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாவி வெட்டும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், வாடகை வீடு. இருபத்தொரு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரர் யாருக்காகக் கட்டினாரோ தெரியாது, மேடை வெறும் எண்பது சென்டிமீட்டர். அக்காவோ நல்ல உயரம். பேருந்தில் கம்பியைப் பிடிக்க மாட்டாள், கூரையைப் பிடிப்பாள். அவள் முழங்கை நூற்றெட்டில் இருக்கிறது. அவள் கணக்குப்படியே அவளுக்கு மேடை தொண்ணூற்றாறில் இருக்க வேண்டும். இருபத்தொரு வருடமாகக் குனிந்து காய் நறுக்கி, குனிந்து பாத்திரம் கழுவி, அவள் கைப்பையில் முதுகு வலித் தைலப் புட்டி இல்லாத நாளில்லை. இடித்துக் கட்டலாம் என்றால், வீட்டுச் சொந்தக்காரர் ஒரு ஆணி அடித்தாலே அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வேன் என்கிற ரகம். பாத்திரத் தொட்டிக்கு மேல் ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும், அதில் இறங்கும் ஒரு குழாயும் தெரியும். பக்கத்து வீட்டில் யார் எப்போது குளிக்கிறார்கள் என்பது அக்காவுக்கு அத்துப்படி.

அவளுக்கு ஒரு தங்கை. அக்காவின் தோளுக்குக்கூட வரமாட்டாள். தங்கை வீட்டுக்காரர் படகு இஞ்சின் விற்கிறார். வியாபாரம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கரையை ஒட்டி இடம் வாங்கி, இரண்டு வருடத்துக்கு முன் வீடு கட்டினார்கள். தங்கை நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. ஆனால் சமையல் மட்டும் வராது. அவள் சுடுதண்ணீர் வைத்தாலே அடிப்பிடிக்கும் என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் காலையில் தங்கையிடமிருந்து போன் வந்தது. அக்கா கணக்கு எழுதிக்கொண்டிருந்ததால் போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"அக்கா, வீட்டுக்கு வெளியில, தண்ணியப் பாத்த மாதிரி ஒரு சமையலறை கட்டலாம்னு இருக்கோம். நீதான் பட்ஜெட் போட்டுத் தரணும்."

"உள்ள ஒண்ணு இருக்கேடி?"

"அது உள்ள. மீன் பொரிச்சா சோபா எல்லாம் வாசம் வருது. வெளியில ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்ல? சும்மா, சின்னதா."

"நல்லாருக்கும், நல்லாருக்கும். ஞாயித்துக்கிழமை வரேன்" என்று அக்கா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். பிறகு பென்சிலை எடுத்துச் சீவினாள். அது ஏற்கெனவே சீவியிருந்த பென்சில். "சோபாவுக்கு வாசம் ஆகாதாம். அதுக்கு ஒரு சமையலறையாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவளுக்குக் காதில் புகை வந்தது எனக்கு அப்போதே தெரியும். மற்றதெல்லாம் பின்னால் அவளே சொன்னது. வயிறு எரிந்ததைவிட, எரிவது தங்கைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்ததாம். அதற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் புதுத்துணி எல்லாம் அக்காவுக்குத்தான். வளர்த்தி அப்படி, வருடத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். சிறிதாகிப்போன சட்டைகளை அக்காவே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துத் தங்கைக்குக் கொடுப்பாள். தங்கை அதைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிக் காட்டுவாள். "அவ ஒரு நாளும் மூஞ்சியத் தூக்குனது இல்லடா தம்பி. பழசப் போட்டுட்டு என் புதுசப் பாத்து, அழகா இருக்குக்கான்னு சொல்லுவா. நான் மட்டும் இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எரிவேன்?" என்றாள் அக்கா.

இன்னொன்றும் உண்டு. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அக்கா வீடு வரைவாள். வீடு என்றால் முக்கால்வாசி சமையலறைதான். அதன் முன்னால் நீலக் கலர் அடித்து ஆறு விடுவது தங்கையின் வேலை. இப்போது இரண்டும் தங்கைக்கே போய்விட்டதா என்பதுதான் அக்காவின் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை, நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் கல் பாவிய முற்றம். முற்றத்தின் ஓரத்தில் ஏழு படி இறங்கினால் ஆறு. கடைசிப் படியில் ஒரு படகு கட்டிக் கிடந்தது. காற்று சும்மா இழுத்துக்கொண்டு போனது. நானே ஒரு நிமிடம் வாயைப் பிளந்துவிட்டேன். அக்கா எதையும் பார்க்காதவள்போல வேலையை ஆரம்பித்தாள். சுவரின் நீளத்தை அளந்தாள். வெள்ளக் காலத்தில் தண்ணீர் எதுவரைக்கும் ஏறும் என்று படியில் இருந்த பாசிக் கோட்டைப் பார்த்து எழுதினாள். ஒரு தாளைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்த்தாள். வாசல் கேட்டின் கீலைத் தடவி விரலை என்னிடம் காட்டினாள். விரல் முழுக்கத் துரு. "உப்புக் காத்து. சாதா ஸ்டீல் நிக்காது" என்றாள்.

தங்கை தட்டில் டீ கொண்டு வந்தாள். அக்கா நாடாவோடு அவள் பக்கம் திரும்பினாள். கையை மடக்கு என்று சொல்ல வாயெடுத்தாள், நான் பார்த்தேன். அதற்குள் தங்கை, "என்னை எதுக்குக்கா அளக்கற? உன் சட்டையெல்லாம் எனக்குப் புடிச்சுத் தெச்சது நீதானே. என் அளவு உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியும், தெரியும்" என்று அக்கா நாடாவைச் சுருட்டிவிட்டாள். அந்தக் கையைப் பிடித்து, அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்க்க அன்றைக்கு அவளால் முடியவில்லையாம். பதினாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு முழங்கையை அளக்காமல் அவள் திரும்பினாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. டீ நன்றாக இருந்தது; வேலைக்கார அம்மா போட்டதாம்.

பட்ஜெட் போட அவளுக்கு மூன்று வாரம் ஆனது. மற்ற வீடுகளுக்கு மூன்று நாள் போதும்.

முதலில், பயந்து ஓடட்டும் என்றே ஒரு பட்ஜெட் போட்டாள். இறக்குமதி அடுப்பு, இரண்டு ஃபிரிட்ஜ், தேக்குக் கூரை, சுவர் முழுக்க விளக்கு. தொகையைத் தங்கை வீட்டுக்காரருக்குப் போனில் சொல்லும்போது குரலில் வருத்தம்கூடப் போட்டுக்கொண்டாள். "ரொம்ப ஆகுதே மாப்பிள்ள, வேணாம்னா விட்டுடலாம்" என்றாள். அவர், "பரவால்ல அண்ணி, நல்லதாவே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு இஞ்சின் பார்க்கப் போய்விட்டார். பேரம்கூடப் பேசவில்லையே என்று அக்கா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. தொகை அதிகமாக இருந்தது பெரிதில்லை, அது ஒருவருக்கு அதிகமாகப் படவில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் நேர்மாறாக ஒன்று. சாதா ஸ்டீல், மெல்லிய கல், தகரக் கூரை. தங்கைக்கு எதற்கு இவ்வளவு என்கிற கோபத்தில் போட்ட பட்ஜெட். சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான்காகக் கிழித்துப் போட்டாள். "ஆறு மாசத்துல துரு ஒழுகும். அவ வீட்டுல துரு ஒழுகினா கெடப்போறது என் பேரு" என்று என்னிடம் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

மூன்றாவதுதான் ஒழுங்கானது. அந்தத் தாளின் பின்பக்கம் பென்சிலால் பொடிப் பொடியாக ஏதோ எண்கள் எழுதியிருப்பதைப் பொருத்தும்போதுதான் பார்த்தேன். கூரை ஒன்பது, ஸ்டீல் சட்டமும் அலமாரிகளும் எட்டு, மேடைக் கல் ஏழு, கிரில் அடுப்பு ஐந்து, வெயில் மழை தாங்குகிற சின்ன ஃபிரிட்ஜ் நான்கு, தொட்டியும் குழாயும் வடிகாலும் மூன்று, கூலி இரண்டு, விளக்கு ஒன்று. கடைசியில், மறதி நான்கு. முன்பக்கத்துத் தொகைகளோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாம் அவள் வீட்டு வாடகையாம். தங்கை மீன் பொரிக்க வைக்கப்போகிற ஒவ்வொரு சாமானும் தனக்கு எத்தனை மாத வாடகை என்று எழுதிப் பார்த்திருக்கிறாள். மொத்தம் நாற்பத்து மூன்று. "மூணு வருஷம் ஏழு மாசம் நான் ஒரு கூரைக்கு அடியில படுக்கற காசு. சோபாவுக்கு வாசம் வரக் கூடாதுன்னு" என்றாள்.

ஆனால் அந்த மூன்றாவது பட்ஜெட்டைப் போடுகிற நாட்களில் அவள் முகம் மாறிப்போனது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வரைபடத்தைப் பார்த்தபடி காற்றில் கையை நகர்த்துவாள். இடது பக்கம் எதையோ எடுப்பாள், வலது பக்கம் வைப்பாள், நடுவில் கிளறுவாள். அலமாரி கைக்கு எட்டுமா என்று சரிபார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் அங்கே சமைத்துக்கொண்டிருந்தாள். மசாலாப் பெட்டிக்கு ஒரு சின்ன இழுப்பறை வந்தது. துணி மாட்டக் கொக்கி வந்தது. ஆற்றைப் பார்த்தபடி டீ குடிக்கிறவர் டம்ளரை வைக்க, கல்லில் ஓர் ஓரம் வந்தது. சுடுதண்ணீரை அடிப்பிடிக்க வைக்கிறவள் இதெல்லாம் கேட்டிருக்கவே மாட்டாள். தாளின் மூலையில் ஓர் எண் வந்து, அதைச் சுற்றி வட்டமும் வந்தது.

கையெழுத்துப் போடத் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் பட்டறைக்கு வந்தார்கள். முதலாளி தன் நாற்காலியையே எடுத்துப் போட்டார். கரையோரம் பதினோரு வீடுகள். இது நன்றாக அமைந்தால் அத்தனையும் நமக்குத்தான் என்று அவருக்குக் கணக்கு.

மாப்பிள்ளை கடைசி வரியில் விரலை வைத்தார். "அண்ணி, நமக்குள்ள என்ன மறதி? இத எடுத்துடலாமே."

"தண்ணி ஓரத்துல கட்டுறோம் மாப்பிள்ள. அந்த வரிய எடுத்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"விடுங்களேன். அக்கா எதையும் மறக்க மாட்டா. அப்படியே திரும்பி வந்துடும்" என்ற தங்கை, பட்ஜெட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வரைபடத்தை இழுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அக்கா, நீ நோட்டுல வரைவியே, அதே மாதிரி இருக்கு" என்றாள்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எல்லாச் சமையலறையும் ஒரே மாதிரிதான்டி இருக்கும்" என்று தாளைச் சுருட்டிக்கொண்டாள்.

வேலை தொடங்கியது. தூசி ஒத்துக்கொள்ளாது, முடிந்தபிறகு மொத்தமாகப் பார்க்கிறேன் என்று தங்கை கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெள்ளத் தண்ணீர் வந்தால் அடியில் ஓடிப்போகட்டும் என்று, அலமாரிகளைத் தூக்கிப் பிடிக்க முப்பது சென்டிமீட்டரில் ஆறு ஸ்டீல் கால்கள் வைக்கச் சொல்லியிருந்தாள் அக்கா. நான் சட்டத்தை நிறுத்தினபோது எனக்கே இடுப்பைத் தாண்டி வந்தது.

"தொண்ணூத்தாறாக்கா? ஒட்டகத்துக்கா கட்டுறோம்?" என்று கேட்டேன்.

"அளந்தது நீயா நானா?"

"நீங்கதான்."

"அப்ப பொருத்து."

பதினாறு வருடப் பழக்கம், பொருத்திவிட்டேன். நடுவில் இரண்டு தடவை அவளே வந்து சட்டத்தின் முன்னால் நின்று, கையை வைத்துப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள். அவளுக்கு இருக்காதா பின்னே?

ஒப்படைக்கிற அன்று சாயங்காலம் முதலாளி படம் எடுக்கப் போனும் கையுமாக வந்திருந்தார். கூரை, விளக்கு, அடுப்பு, கல் எல்லாம் மினுமினுத்தன. நான் கட்டியதிலேயே அழகான சமையலறை அதுதான், இன்றைக்கும் சொல்வேன். தங்கை கண்ணாடிக் கதவைத் திறந்து, ஒரு தக்காளியும் கத்தியும் பலகையுமாக வந்தாள். முதல் வெட்டு என் கையால் என்று சிரித்துக்கொண்டே பலகையை மேடையில் வைத்தாள்.

கல் அவள் முழங்கையைத் தாண்டி மார்புக்குக் கீழே வரை வந்தது. கத்தியைப் பிடித்தபோது இரண்டு தோளும் காதுவரைக்கும் ஏறின. தக்காளியை நறுக்க முடியாமல் ஒரு குத்துக் குத்தினாள்.

"என்ன, மேல ஏறி உக்காந்துதான் சமைக்கணும் போல" என்று மாப்பிள்ளை சிரித்தார். முதலாளியும் சிரிக்கப் பார்த்தார்.

தங்கை சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். கல்லைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், அக்காவின் முழங்கையைப் பார்த்தாள். எங்கள் நாடா எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"அக்கா, நீ வந்து நில்லு."

"எதுக்குடி?"

"நில்லேன்."

அக்கா போய் நின்றாள். அவள் இரண்டு கையும் தானாகக் கல்லில் வந்து இறங்கின. முதுகு நேராக இருந்தது. அவளை அப்படி நேராக ஒரு மேடை முன்னால் நான் பார்த்ததே இல்லை. எதிரே ஆறு போய்க்கொண்டிருந்தது.

"உனக்குக் கட்டியிருக்க" என்றாள் தங்கை. திட்டுகிற குரல் இல்லை. "எனக்குன்னு நெனச்சேன்."

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "சின்ன விஷயம்மா, நிக்கிறதுக்குக் கீழ ஒரு பலகை போட்டுட்டாப் போச்சு" என்றார். மாப்பிள்ளை பெருந்தன்மையாக, "அதான் மறதின்னு ஒரு தொகை இருக்கே அண்ணி, அதுல சரி பண்ணிடலாம். நல்லவேளை, அன்னிக்கு எடுக்கல" என்றார்.

அந்த இடத்தில் அவள் ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும். மறந்துவிட்டாள், வயசாகிறது, வேலை அதிகம் என்று எல்லோரும் சொல்லியிருப்போம். பயந்த விஷயம் அதோடு மூடிப் போயிருக்கும்.

"அது மறந்ததுக்கு மாப்பிள்ள" என்றாள் அக்கா. "நான் மறக்கல." பிறகு தங்கையைப் பார்த்து, "எரிஞ்சேன்டி. நீ போன் பண்ணுன நாள்லேர்ந்து எரிஞ்சுக்கிட்டே இருக்கேன். மனசுக்குள்ள தினம் இங்க நின்னு சமைச்சது நான்தான். அதான் என் அளவு வந்துடுச்சு" என்றாள்.

தங்கை முகத்தைத் தூக்கிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக. உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

திரும்பி வருகிற வழியில்தான், வேனில், அக்கா நோட்டுப் புத்தகத்திலிருந்து வாடகை வரைக்கும் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்று மேடை முன்னால் தங்கையின் தோள் ஏறியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. அப்பாடா, அக்காவுக்கும் அளவு தப்பிவிட்டது என்று. வேனில் அவள் பேசி முடிக்கிறபோது அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மறதித் தொகையில் ஒரு காசு தொடாமல் முழுசாகத் திருப்பிக் கொடுத்தாள். கல்லைத் தூக்க ஆட்களுக்கும், வெட்டும் மெஷினுக்கும் தன் கைக்காசு. இரண்டு மாத வாடகை ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். நான் கூலி வாங்கவில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் அவள் தலையில் கட்டினேன். கல்லை மூன்று துண்டாக இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தோம். சட்டத்தைச் சாய்த்தால் காலை வெட்டலாம். எவ்வளவு வெட்டுவது என்றுதான் தெரியவில்லை. நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அக்கா கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை வந்தாள். தள்ளியே நின்றாள்.

"கையை மடக்கு" என்றாள் அக்கா.

தங்கை எங்கோ பார்த்துக்கொண்டு மடக்கினாள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நான் குனிந்தேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டாள். அந்த முதுகோடு கல்தரையில் மண்டியிட்டு, ஒரு கையால் தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நாடாவைத் தரையில் அழுத்தினாள். "கூசுது" என்றாள் தங்கை. முகம் மட்டும் இறங்கவில்லை.

"தொண்ணூத்திரெண்டு" என்று வாசித்தாள் அக்கா.

"இது உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. உன்ன அளந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு." ஆறு விரல் கழித்து எழுதப்போனவள், பென்சிலை நிறுத்தினாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்டியிட்டபடியே சிரித்தாள்.

"என்ன?"

"எண்பதுடி. எங்க வீட்டு மேடை எண்பது. இருபத்தொரு வருஷமா உன் மேடையிலதான் குனிஞ்சு சமைச்சுட்டு இருக்கேன்."

 நான் ஆறு காலிலும் பதினாறு சென்டிமீட்டர் வெட்டினேன். மிச்சம் பதினாலு இருந்தது. வெள்ளத்துக்கு அது போதும் என்றாள் அக்கா. வெட்டி விழுந்த துண்டுகள் முற்றத்தில் உருண்டன. கல்லை ஏற்றி முடித்தபோது தங்கை தானாகவே வந்து நின்று பார்த்தாள். தோள் இறங்கி இருந்தது. "சரியா இருக்கு" என்றாள், எங்களைப் பார்க்காமல். அப்புறம் குனிந்து, அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டாள்.

"இத எடுத்துட்டுப் போ. உன் மேடைமேல இந்த ஆறையும் நிறுத்தி ஒரு பலகையப் போட்டா உன் உயரம் வந்துடும். ஆணி அடிக்கத் தேவையில்ல. உங்க வீட்டு ஓனரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"வேணாம்டி."

"நீ குடுத்ததெல்லாம் நான் போட்டுக்கிட்டேன்ல?"

அக்கா பையை வாங்கிக்கொண்டாள். அவள் முகம் அன்று போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை. "இன்னும் எரியுதாக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"எரியுது."

"சரி" என்றாள் தங்கை. உள்ளே போனாள். இந்தத் தடவை தாழ்ப்பாள் போடவில்லை.

பலகையை நான்தான் போட்டுக் கொடுத்தேன். பலகையின் கனம் இரண்டு சென்டிமீட்டர் என்பதை யாரும் நினைக்கவில்லை. துண்டுகளைப் பதினாலாக வெட்டிய பிறகுதான் தொண்ணூற்றாறு வந்தது. பலகைக்கு அக்கா காசு கொடுக்க வந்தாள். மறதிக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், தைலப் புட்டியை என் மேசையில் கொண்டு வந்து வைத்தாள். "நீ வெச்சுக்கோ தம்பி. எனக்கு முதுகு வலி போயிடுச்சு" என்றாள்.

"நல்லதுதானே, அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"வயித்தெரிச்சல் போகலையே" என்றாள். வாசலில் யாரோ வந்து நின்றார்கள். "கையை மடக்குங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் நாடாவைத் தேடினாள்.